நெற்றியில் வெள்ளைச் சுட்டி

…ஆடு என்றே இருந்துவிட்டுப் போகட்டும், யார் போய் அந்த ஆட்டைத் தேடப்போகிறார்கள், தேடினாலும் ஊரில் ஆட்டுக்கா பஞ்சம், என்று நினைத்தபடி பாத்திமா மேரி இட்லித் தூக்கை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர், அவள் வீட்டுக்காரர் ஜேசுராஜ், இன்னும் உள்ளே இருந்தார். ராத்திரி முழுக்கத் தலையிலும் தாடையிலும் ஒட்டியிருந்த ஒயர்களைப் பிய்த்து, பசையைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறார்களாம், டெக்னீசியன் டேவிட்சன் வந்து சொல்லிவிட்டுப் போனான், "கொஞ்சம் இருங்க ஆன்ட்டி, அங்கிள் முடிக்குள்ள பசை காஞ்சிருச்சு." ஒரு மனுஷன் தூங்குவதைப் பார்க்க ஒரு ஆஸ்பத்திரி, அதற்குத் தஞ்சாவூரில் ஒரு மாடி, மாடி முழுக்க ஏசி. ஊரில் சொன்னபோது சிரித்தார்கள், தூக்கம் வரலன்னா டாக்டர்கிட்ட போவாங்க, தூக்கம் வருதுன்னா போறீங்க, என்றார்கள். மகள் ஜெனிட்டாவின் ஏற்பாடு. அயர்லாந்தில் நர்ஸ், அங்கிருந்தே போன் போட்டு இங்கே தேதி வாங்கிவிட்டாள். வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்குத் தலை தொங்கிவிட்டது, அதைப் பார்த்துவிட்டாள். "அம்மா, அப்பா மூச்ச கவனிச்சியா?" "அசதிடி." "அசதி இல்லம்மா, இதுக்கு ஒரு பேரு இருக்கு." பேர் இருக்கிறதாம். பேர் வைத்துவிட்டால் அப்புறம் அது இல்லை என்று ஆகாது, அதுதான் சங்கடம். "வண்டி ஓட்டுறப்ப அசருவாரான்னு டாக்டர் கேப்பாங்க, அத மட்டும் மறைக்காதீங்கம்மா, திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது." திறக்கிறதுதான். காலாண்டு லீவு முடிகிறது, திங்கட்கிழமை காலையில் வேன் கிளம்பிவிடும், பிள்ளைகள் ஏறிவிடும்… அவள் ஜெனிட்டாவிடம் ஒன்றும் சொல்லவில்லையே, ஆட்டைப் பற்றிக்கூடச் சொல்லவில்லையே, பின்னே எப்படி அந்தக் கேள்வியை மட்டும் பொறுக்கி எடுத்தாள்?

வேன், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்து வேன். ஜேசுராஜ் ஓட்டுகிறார், அவள் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள், ஆயா என்று கூப்பிடும் பிள்ளைகள். சவூதியில் ட்ரெய்லர் ஓட்டி வயதைக் கரைத்தவர், ஊருக்கு வந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார், யார் வீட்டுக்கோ விருந்தாளி வந்த மாதிரி. சிஸ்டர் கூப்பிட்டு வேன் சாவியைக் கொடுத்த அன்றைக்குத்தான் அவர் உண்மையில் திரும்பி வந்தார் என்று சொல்ல வேண்டும், அன்றைக்குத்தான் மீன் குழம்பில் புளி போதவில்லை என்று சண்டை போட்டார். அந்தச் சாவியை யார் போய் வாங்குவது. குறுவை அறுப்பு நேரம், ஈரப்பதம் ஜாஸ்தி என்று கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிட்ட நெல்லையெல்லாம் ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப்போட்டிருந்தார்கள், ஓரத்தில் வரிசையாகக் கருங்கல். வண்டிக்காரன் மீதிப் பாதியில் ஒதுங்கிப் போவான், அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு நாள் சாயந்திரம் வேன் ஒதுங்கவில்லை. கல்லின் மேல் ஏறியது, அடுத்த கல், அடுத்தது, பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், அவள் நிமிர்ந்து டிரைவர் கண்ணாடியைப் பார்த்தாள், கண்ணாடியில் அவர் முகம், கண் மூடி, வாய் லேசாகத் திறந்து… ஜெபத்தில் இருப்பவரைப் போல. குவித்து வைத்திருந்த நெல்லம்பாரத்தில் போய்ச் சொருகி வேன் நின்றது. அம்பாரம் இல்லாவிட்டால் அடுத்தது வாய்க்கால், வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. நெல்லுக்காரர் பஞ்சநதம் துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார், "யோவ், கண்ணு அவிஞ்சா போச்சு? ரோடு அவ்வளவு கெடக்கு, என் நெல்லுலதான் வந்து வுழுவியா?" ஜேசுராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விழித்தார், எந்த ஊர், எந்த ரோடு என்று தெரியாத விழிப்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவள் சொல்லிவிட்டாள், "ஆடு குறுக்க வந்துருச்சுங்க." யோசித்துச் சொன்னதில்லை, இருமல் வருகிற மாதிரி வந்தது. முன்சீட்டு அபிநயா, மூன்றாவது படிக்கிறது, திரும்பிப் பார்த்துக் கேட்டது, "எந்த ஆடு ஆயா? நான் பாக்கலியே." "நெத்தியில வெள்ளையா சுட்டி இருந்துச்சே, அதுதான்." ஒரு பொய்க்கு எதற்கு நெற்றியில் சுட்டி, சும்மா ஆடு என்று விட்டிருக்கக் கூடாதா. அன்றைக்குச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவரே ஆரம்பித்தார், "நெத்தியில சுட்டி போட்ட ஆடு பாத்தியா, சடார்னு ஏறிருச்சு, வேற எவனா இருந்தாலும் அடிச்சிருப்பான், நானா இருந்ததாலதான் வண்டிய ஒடிச்சேன்." குழம்பை ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமில்லை, பார்த்ததைச் சொல்கிற முகம். தூங்கினவனுக்குத் தூங்கினது தெரியாது, அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, யாராவது ஒரு ஆட்டைப் பிடித்துக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.

"ஏக்கா, உள்ள போயிருக்கிறது உங்க வீட்டுக்காரவுகளா? கொறட்டையா, தூக்கமில்லாததா?" எதிர் நாற்காலிப் பெண், கடற்கரைப் பக்கத்துச் சேலைக்கட்டு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, எல்லையம்மாள் என்று அவளாகவே பேர் சொன்னாள். மல்லிப்பட்டினம் பக்கமாம். அவள் புருஷன் அய்யாவு சுவரில் சாய்ந்து கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தூக்கத்தைக் கண்ணால் தேடுகிறவர் மாதிரி. "எங்காளுக்கு எதிர்மாறாக்கும். கொட்டக் கொட்ட முழிச்சிருக்கும். படகுக்குப் போன காலத்துல ஊரு தூங்கறப்ப இது எழுந்திரிக்கும், இப்ப கண்ணு தெரியலன்னு படகுல ஏத்திக்கல, ஆனா அந்த நேரத்துக்கு எழுந்திரிச்சு ஒக்காந்துக்கிட்டு என்னைய எழுப்பும், காத்து எப்படி அடிக்குதுன்னு. காத்து அடிச்சா ஒனக்கென்ன, அடிக்காட்டி ஒனக்கென்ன?" அய்யாவு அசையாமல் சொன்னார், "கேட்டா சொல்ல வேண்டியதுதான." "பாருங்க, இதான் பேச்சு." பாத்திமா மேரிக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னாராம், பகலில் படுக்கக் கூடாதாம், விடிந்ததும் வெயிலில் நடக்கணுமாம், தூக்கம் வந்தால்தான் பாயில் போய் விழணுமாம், வராமல் பாயில் புரளக் கூடாதாம். "ஒடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்காம், அது படகு நேரத்துலயே நின்னு போச்சாம், மெதுவா திருப்பி வைக்கணுமாம். எனக்கென்னமோ அது இல்லக்கா. இதுக்கு எஞ்சின் சத்தம் வேணும். சிங்கப்பூர்ல இருக்கற மவன் போன்ல எஞ்சின் சத்தத்த போட்டு அனுப்புனான், அத காதுகிட்ட வச்சா செத்த நேரம் அசருது, நிறுத்துனா முழிச்சுக்குது. சத்தத்துக்குப் பக்கத்துல படுத்துப் பழகிட்டா அமைதி ஆவுறதில்ல." சொல்லிவிட்டு அவள் வெற்றிலையை எடுத்தாள், இது ஆஸ்பத்திரி என்று ஞாபகம் வந்து மறுபடி முடிந்துகொண்டாள். பாத்திமா மேரி தூக்கின் மூடியைத் திருகினாள், திறந்தாள், மூடினாள். சத்தத்துக்குப் பக்கத்தில்… சத்தம் மட்டும் பக்கத்தில், ஆள் எங்கேயோ. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜெனிட்டா அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்த மீரா உசேன், ஜேசுராஜோடு ஒரே ரூமில் இருந்தவர், சோப்பும் பால்பவுடர் டின்னும் ஒரு கேசட்டும் கொண்டுவந்து கொடுத்தார். கடுதாசி எழுத ஜேசுராஜுக்கு வராது, அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார், எல்லாக் கேசட்டிலும் முதலில் எல்லோருக்கும் ஸ்தோத்திரம், அப்புறம் மழை பெய்ததா, அப்புறம் ஜெனிட்டா படிக்கிறதா. இந்தக் கேசட்டில் வேறு மாதிரி இருந்தது, படுத்துக்கொண்டே பேசியிருக்கிறார், ட்ரெய்லரை விட்டிறங்கி நேராகக் கட்டிலுக்கு வந்திருப்பார், குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது, பாத்திமா, இங்க ஒரே மணலா இருக்கு பாத்திமா, எங்க பாத்தாலும் மணலு, அப்பறம்… அப்பறம் என்னன்னா… அவ்வளவுதான், பேச்சு அவிழ்ந்து குறட்டையாகிவிட்டது. டேப் அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. குறட்டை, அப்புறம் ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல், டூ-இன்-ஒன் ரேடியோப் பெட்டி நின்றுவிட்டதா என்று பார்த்தால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, அவள் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினாள், உடனே கர்ரென்று சத்தம் திரும்ப வந்தது. மறுபடி நின்றது, மறுபடி தட்டினாள், வந்தது. எந்த இடத்தில் நிற்கும் என்று மனப்பாடமே ஆகிவிட்டது, ஆனாலும் தட்டாமல் விட்டதில்லை. மன்னார்குடியில் ரேடியோ கடை அப்துல் ஹமீதிடம் எடுத்துக்கொண்டு போனாள், குறட்டையை அவர் கேட்பாரே என்று வெட்கமாக இருந்தது, பேசுகிற இடத்தில் வைத்து, இதுக்கு மேல கோளாறு பண்ணுது அண்ணே, என்றாள். அவர் ஹெட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "பெட்டியில ஒண்ணுமில்லம்மா, கேசட்டு மட்டம், மேல மேல பதிஞ்சிருக்காங்க, நடுநடுவுல அழிஞ்சு போயிருக்கு, அண்ணன நல்ல கேசட்டா வாங்கச் சொல்லுங்க" என்றார். அவளும் பதில் கேசட்டில் அப்படியே சொன்னாள், நின்னு நின்னு வருதுங்க, நல்லதா வாங்குங்க. நல்லதாகத்தான் வந்தது அடுத்தது, உசத்திக் கேசட், அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார், ஸ்தோத்திரம், மழை, படிப்பு, முடிவில் "இப்ப நல்லா கேக்குதா?" என்று ஒரு கேள்வி. நன்றாகத்தான் கேட்டது. ஜெனிட்டா தூங்கின பிறகு அவள் பழைய மட்டக் கேசட்டையே எடுத்துப் போடுவாள், தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தட்டித் தட்டி, எப்போது அசந்தோம் என்று தெரியாமல். எத்தனை வருஷம். டேப் நைந்து அறுந்துபோன பிறகுதான் விட்டாள். பிறகு ஆளே வந்துவிட்டார், பக்கத்திலேயே படுத்தார், அவளுக்குத் தூக்கம் போயிற்று. முழங்கால் வலிக்குது, தரையிலதான் படுக்கணும், என்று கூடத்துக்கு வந்துவிட்டாள். முழங்கால் வலி உண்மைதான், ஆனால் முழங்கால் மட்டுமா?

"ஜேசுராஜ் வீட்டம்மா, வாங்க." டாக்டர் ஷம்சாத்துக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும், தலையில் முக்காடு, வேகமாகப் பேசாதவர். ஜேசுராஜ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், நெற்றியில் ஒயர் ஒட்டிய தடம் வட்ட வட்டமாக, முடி பசையில் விறைத்துக்கொண்டு. "புது இடம் டாக்டர், நான் தூங்கவேயில்ல, பின்ன மெசின் எதப் புடிச்சிருக்கும்?" டாக்டர் சிரித்து, "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க ஐயா" என்று டேவிட்சனைப் பார்த்தார், அவன் கம்ப்யூட்டரைத் தட்டினான். திரையில் பச்சைக் கோடு அலையலையாகப் போய்ப் போய், ஓரிடத்தில் படுத்துவிட்டது, நாற்று பிடுங்கின வயல் மாதிரி. "இங்க மூச்சு நிக்குது பாருங்க. தூங்கினதும் தொண்டைச் சதை தளர்ந்து வழிய அடைச்சிடுது. ரத்தத்துல ஆக்சிஜன் குறையுது, மூளை பயந்து எழுப்பிவிடுது, அவர் முழிச்சதே அவருக்குத் தெரியாது. ராத்திரி பூரா இதேதான், அப்ப பகல்ல தூக்கம் எப்படி வராம இருக்கும்? சத்தத்தையும் போடு டேவிட்சன்." ஸ்பீக்கரிலிருந்து வந்தது. குறட்டை, ஏறி ஏறி, பட்டென்று நின்றது. வெறும் இரைச்சல். பாத்திமா மேரியின் வலது கை மேசைக்குக் கீழே, தானாக, எதையோ தேடி ஒரு தட்டுத் தட்டியது, அவளுடைய தொடையில்தான் பட்டது. கர்ரென்று சத்தம் திரும்ப வந்தது. அப்படியானால் கேசட்டில் ஒன்றுமே அழியவில்லை. அவ்வளவும் பதிவாகியிருந்தது, ஒன்று விடாமல். "எத்தனை வருஷமா இப்படி? பக்கத்துல படுக்கிறவங்க நீங்க, உங்களுக்குத்தான் தெரியும்." "சவூதியில இருந்தப்பலேர்ந்து" என்றாள். ஜேசுராஜ் சிரித்துவிட்டார், "அங்க நான் தூங்கினத இவ எங்க டாக்டர் பாத்தா? எட்டுப் பேரு ரூம்ல, ஒருத்தன் சொன்னதில்ல." "நீங்களும் அங்க இருந்தீங்களாம்மா?" "இல்லீங்க, கேசட்டுல கேட்டேன்." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், அடுத்த கேள்விக்குப் போனார். டிவி பார்க்கிறப்ப அசருவீங்களா, பஸ்ஸுல, சாப்பிட்ட பிறகு… இவர் எல்லாவற்றுக்கும் எல்லாரும்தான், எல்லாரும்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். "வண்டி ஓட்டுறப்ப?" "சேச்சே. பாலைவனத்துல ஓட்டினவன் நான். இந்த மாசம் ஒரு தடவை ஆடு ஒண்ணு குறுக்க வந்து நெல்லுல ஏத்திட்டேன், அது தூக்கமில்ல, ஆடு. நெத்தியில வெள்ளைச் சுட்டி, இப்பவும் கண்ணுல நிக்குது." அவர் கண்ணில் அது நின்றதை அவளே பார்த்தாள். அவள் பெற்ற ஆடு, அவர் கண்ணில் வளர்ந்து மேய்ந்துகொண்டிருக்கிறது, திங்கட்கிழமையும் மேயும், அபிநயா முன்சீட்டில் உட்காரும், வாய்க்காலில் தண்ணீர் போகும், எல்லா இடத்திலும் பஞ்சநதம் நெல்லைக் குவித்து வைத்திருப்பாரா? "ஆடு வரலைங்க டாக்டர்." யாரோ சொன்ன மாதிரி இருந்தது. "நான்தான் ஆடுன்னு சொன்னேன்." ஜேசுராஜ் அவள் பக்கம் திரும்பினார், கோபமில்லை, கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்க்கிறவனின் முகம். "நெத்தியில சுட்டி…" "அதுவும் நான்தான்." டேவிட்சன் திரையைப் பார்த்துக்கொண்டான். டாக்டர் பொதுவாகச் சொல்கிற குரலில் சொன்னார், மூக்கில் மாட்டுகிற மாஸ்க், அதற்கு ஒரு சின்ன மெஷின், காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையை மூடவிடாது, எடை குறையணும், மல்லாந்து படுக்கக் கூடாது, மெஷின் போட்டு நன்றாகத் தூங்குகிறார் என்று மறுபடி பார்த்து நான் சொல்கிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. "சரியாயிட்டா ஓட்டலாம் ஐயா, ஓட்டுறவங்க இருக்காங்க." ஜேசுராஜ் சட்டைப் பையில் கை விட்டார், வேன் சாவி இருந்தது, அதை ஏன் தஞ்சாவூர் வரைக்கும் எடுத்துவந்தாரோ, சாவியை வெளியே எடுக்காமல் தடவிவிட்டுக் கையை உருவிக்கொண்டார்.

மன்னார்குடி பஸ்ஸில் அவர் எப்போதும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து கியர் போடுவதைக் குறை சொல்லிக்கொண்டு வருவார், இன்றைக்குப் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாஸ்க்கும் மெஷினும் டப்பாவோடு அவள் மடியில், இட்லித் தூக்கு காலடியில், இட்லியை இருவருமே தொடவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார், "கண்ணாடியில பாத்தியா?" "பாத்தேன்." "கண்ணு மூடியிருந்துச்சா?" "ம்." "பூராவா?" "பூராத்தான்." வெளியே ரோட்டில் பாதிக்கு நெல், ஓரத்தில் கல், பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. அவர் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "திங்கக்கிழமை சிஸ்டர்கிட்ட என்ன சொல்லுவ? மறுபடி ஆடு கீடுன்னு ஆரம்பிச்சிராத." "நீங்களே சொல்லுங்க." "நான் எங்க பாத்தேன், பாத்தவ நீதான." சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், கோபமா, கேலியா, அந்தக் குரலில் இரண்டையும் பிரிக்க அவளால் எப்போதுமே முடிந்ததில்லை. வடுவூர் ஏரி வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது, முதலில் கம்பியில், பிறகு அவள் தோளில். கனமான தலை, பசை வாசனை. வாய் திறந்தது, சத்தம் ஆரம்பித்தது, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். இந்த மெஷினை மாட்டினால் இந்தச் சத்தம் இருக்காதாம், சீராகப் போய்க்கொண்டேயிருக்குமாம் மூச்சு, அப்போது கூடத்திலிருந்து அவள் உள்ளே போகலாம், போவாளா… எல்லையம்மாள் என்ன சொன்னாள், அமைதி ஆவுறதில்லை. சத்தம் ஏறி ஏறி, பட்டென்று நின்றது. பஸ் இரைந்தது, தோளில் கனம் அப்படியே இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. அவள் கை தூக்கிக்கொண்டது, பெட்டியைத் தட்டுகிற அதே கை, விரல்கள் மடங்கி. தட்டினால் வரும். தட்டினதால் வந்ததா, வருகிற நேரத்தில் தட்டினாளா… அந்த டேப் அறுகிற வரைக்கும், அத்தனை வருஷத்தில், ஒரு தடவையாவது தட்டாமல் காத்திருந்து பார்த்திருக்கிறாளா? கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. விரல் அவர் கன்னத்தில் பட்டதும் கர்ரென்று மூச்சு வந்தது, அல்லது மூச்சு வந்த பிறகுதான் விரல் பட்டது.